நூற்பாவும் மூலநிரலும்: பல்கலைக்கழக ஆசிரியர்களின் திறந்த ஆய்வுப்பணியும் அதற்கு வேண்டப்படும் ஆதரவும்

இலக்கணம் ஒன்றை மதிப்பிட விழைவோர் முதலில் அதன் நூற்பாக்களை நோக்குவர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் தெய்வச்சிலையாரும் தனித்தனியே உரை காண முடிந்தது. ஒருவர் கொண்ட பொருளை மற்றொருவர் மறுக்கவும் முடிந்தது. இதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றே. நூற்பா அனைவர் கண்முன்னும் இருந்தது. நூற்பாவைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, தம் இலக்கணம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சொற்களை விளக்கிவிடுகிறது என்று மட்டும் ஓர் ஆசிரியர் கூறியிருந்தால் அந்நூலுக்கு உரை தோன்றியிராது, மறுப்பும் தோன்றியிராது.

கணிப்பொறிவழி மொழியாய்வில் இந்நிலை இன்றும் காணப்படுகிறது. உருபனியல் பகுப்பி, தொடர்ப் பகுப்பி, இயந்திர மொழிபெயர்ப்பு அமைப்பு ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகள் பல வெளிவருகின்றன. கட்டுரையில் அமைப்பின் கட்டப்படம் ஒன்று இருக்கும். சில எடுத்துக்காட்டுகள் இருக்கும். இறுதியில் விழுக்காடு ஒன்று இருக்கும். விதிகள் அடங்கிய கோப்பும், அகராதியும், சோதனைக்கு எடுத்துக்கொண்ட சொற்பட்டியலும் வெளியிடப்படுவதில்லை. இவ்வழக்கத்தின் காரணங்களையும், பல்கலைக்கழக ஆசிரியர்கள் தம் மூலநிரலையும் தரவையும் பொதுவில் வைப்பதற்கு எத்தகைய ஆதரவு வேண்டும் என்பதனையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விழுக்காடு மறைப்பது

‘மரத்தை’ என்னும் வடிவத்தை ஒரு பகுப்பி எவ்வாறு பகுக்கிறது என்று பார்க்கலாம். மரபிலக்கணத்தார் வழியில் மரம் + அத்து + ஐ எனச் சாரியையைத் தனி உருபனாகக் கொள்ளலாம். ‘மரத்து’ என்பதனை வேற்றுமை ஏற்கும் திரிந்த அடியாகக் கொண்டு அதனுடன் ஐ சேர்வதாகவும் கூறலாம். இவ்விரண்டும் இன்றி, மகர ஈற்றுப் பெயர்களின் வேற்றுமை வடிவங்களை வாய்பாடாக எழுதி வைத்து, பொருத்திப் பார்க்கும் முறையிலும் விடை காணலாம். மூன்று முறையிலும் ‘மரம், இரண்டாம் வேற்றுமை’ என்ற ஒரே விடை வரும். மூன்று முறையும் ஒரே விழுக்காட்டைப் பெறும். ஆனால் மொழியியலார்க்கு இவை ஒன்றல்ல. முதலாவது சாரியைக்கு உருபன் நிலை தருகிறது. இரண்டாவது அதனை அடியின் பகுதியாக்குகிறது. மூன்றாவது பொதுமை எதனையும் கூறவில்லை. எந்த முறை பின்பற்றப்பட்டது என்பது விதிக்கோப்பைத் திறந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.

‘வேலை’ என்னும் சொல்லும் அவ்வாறே. தொழிலைக் குறிக்கும் பெயராகவும், வேல் என்னும் பெயரின் இரண்டாம் வேற்றுமை வடிவமாகவும் அதனைக் கொள்ளலாம். இரு பகுப்பையும் தரும் அமைப்பு சரியான விடை தந்ததாகக் கணக்கிடப்பட்டதா? ஒன்றை மட்டும் தந்து சூழலால் தேர்ந்தெடுத்த அமைப்பு அதே மதிப்பைப் பெற்றதா? விழுக்காடு, பனுவலில் வரும் சொற்களை வந்தவாறே எண்ணிக் கணக்கிடப்பட்டதா, வேறுபட்ட சொற்களை மட்டும் எண்ணிக் கணக்கிடப்பட்டதா? பின்னதாயின் ‘அவன்’, ‘என்று’, ‘ஒரு’ போன்று திரும்பத் திரும்ப வரும் எளிய சொற்கள் தரும் உயர்வு மறைந்துவிடும். ‘வந்துகொண்டிருந்தான்’ என்பது ஒரு சொல்லா, மூன்றா? இதற்கு ஒவ்வோர் ஆய்வாளரும் ஒவ்வொரு விடையை நிரலுள் எழுதிவைத்திருப்பார். இரு கட்டுரைகள் தரும் இரு விழுக்காடுகளை, இவ்விடைகள் தெரியாமல், ஒப்பிடுவது பொருளற்றது.

இக்குறையை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக டுலூத் வளாகத்தைச் சார்ந்த டெட் பெடர்சன் 2008இல் ‘கம்ப்யூட்டேஷனல் லிங்குவிஸ்டிக்ஸ்’ இதழில் எடுத்துரைத்தார். சோதனைவழி அறிவியல் நம்பிக்கையின் பாற்பட்டதன்று என்பது அவர் கட்டுரைத் தலைப்பின் கருத்து. அவர் கூற்றுக்கு வலுவூட்டியது அவர் பணியே. சொல்வலையின் துணைகொண்டு இரு சொற்களின் பொருள்நெருக்கத்தை அளக்கும் மென்பொருளை அவரும் அவர் மாணவரும் 2004இல் குனு பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டனர். பல்வேறு ஆய்வாளர்கள் முன்மொழிந்த அளவைகளை ஒரே நிரலில், ஒரே அடிப்படையில் எழுதியமையால் அவற்றை ஒப்பிடுதல் இயன்றது. பெரிய ஆய்வகம் ஒன்றில் நடந்த பணியன்று இது. சிறிய வளாகத்தில், ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலரும், பொது நல்கையைக் கொண்டு செய்த பணி. இந்தியாவின் மாநிலப் பல்கலைக்கழக மொழியியல் துறைகள் நோக்க வேண்டிய எடுத்துக்காட்டு எனலாம்.

இரு சொல்வலைகள்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆங்கிலச் சொல்வலை, உளவியல் ஆய்வு நோக்கில் பிறந்தது. அகராதி ஆக்குவது அதன் முதல் நோக்கமன்று. அதன் 3.0 பதிப்பில் 1,17,659 ஒருபொருட் பன்மொழித் தொகுதிகள் உள்ளன. (சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் சொற்றொகை, பிற்சேர்க்கையும் சேர்த்து, ஏறத்தாழ இதே அளவினது என்பது தற்செயலான ஒற்றுமை.) எவரும் எந்நோக்கிற்காகவும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் அதன் உரிமம் இடந்தருகிறது. அதன் பகுப்புகள் மிக நுண்ணியவை, பொருள் வேறுபாடுகள் சில செயற்கையானவை என்னும் கண்டனங்கள் பல எழுந்தன. கண்டனங்கள் எழுந்தமையே அதன் சிறப்பு. ஒவ்வொரு கண்டனமும் அதனை எடுத்துப் பயன்படுத்தியவரிடமிருந்து வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நல்கையில் 1996 முதல் 1999 வரை பீக் வோசன் தலைமையில் உருவான யூரோவேர்டுநெட் கருத்தளவில் இதனைவிட முன்னேறியது. டச்சு, இத்தாலியம், ஸ்பானியம் முதலிய மொழிகளின் சொல்வலைகளை மொழியிடைச் சுட்டு ஒன்றின்வழி இணைத்தது. பின்னர் இந்திய மொழிகள் உட்படப் பல மொழிகளின் சொல்வலைத் திட்டங்கள் பல்மொழி இணைப்பைக் கருதிய முறைக்கு வழிகாட்டியது. ஆனால் அதன் தரவு கட்டண உரிமத்தின்கீழ் வைக்கப்பட்டது. திட்டம் முடிந்ததும் வளர்ச்சியும் பெரும்பாலும் நின்றது. டச்சு மொழியின் நிலை தனித்து நோக்கத்தக்கது. யூரோவேர்டுநெட்டிற்குப் பின் வளர்ந்த டச்சுச் சொல்தரவில் அகராதிப் பதிப்பகம் ஒன்றின் உரிமைக்கு உட்பட்ட உள்ளடக்கம் கலந்திருந்தது. அதனைப் பொதுவில் வைக்க இயலவில்லை. 2016இல் வோசனும் அவர்தம் குழுவினரும் அவ்வுள்ளடக்கத்தை நீக்கி, நீக்கிய இடங்களை வேறு வழிகளில் நிரப்பி, திறந்த டச்சுச் சொல்வலை ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. ஒரே அறிஞர், ஒரே மொழி, ஏறத்தாழ ஒரே பணி. இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரு முறை.

பிரான்சிஸ் பாண்டும் கியோங்ஹீ பைக்கும் 2012இல் உலகச் சொல்வலைகளையும் அவற்றின் உரிமங்களையும் ஆராய்ந்து, திறந்த உரிமம் உடையவையே மிகுதியாக மேற்கோள் பெறுகின்றன என்று காட்டினர். மேற்கோள் எண்ணிக்கையே தகுதிக்கு அளவுகோல் என்று கொள்ளத் தேவையில்லை. எனினும் ஆசிரியரின் பணி பிறர்க்குப் பயன்படுகிறதா என்பதனை அளக்க நிருவாகம் நாடும் அளவுகோலே மேற்கோள்தான். அந்த அளவுகோலின்படியே கூட, பூட்டி வைத்தல் பயனற்றது.

ஆலிகாந்தேயில் நடந்தது

மொழிபெயர்ப்பாளர்க்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு ஸ்பெயின் நாட்டு ஆலிகாந்தே பல்கலைக்கழகத்தினது. ஸ்பானியம், காத்தலான் ஆகிய இரு மொழிகளுக்கிடையே இயங்கும் மொழிபெயர்ப்பு அமைப்பு ஒன்றை அங்குள்ள ஆய்வுக்குழு சேமிப்பு வங்கி ஒன்றின் பொருளுதவியுடன் முன்னரே உருவாக்கியிருந்தது. 2004இல் ஸ்பெயின் தொழில்துறை அமைச்சகம் நல்கை வழங்கியபோது, வீகோ, பாஸ்க் நாடு முதலிய பல்கலைக்கழகங்களும் சில நிறுவனங்களும் சேர்ந்து அதனை மறுபடி எழுதின. விளைவாகிய அபெர்டியம் 2005இல் குனு பொது உரிமத்தின்கீழ் வெளிவந்தது. மிக்கேல் போர்க்காதா அக்குழுவின் முதன்மையானவர்.

இவ்வமைப்பின் கட்டமைப்பே அதன் திறந்த தன்மைக்குத் துணைநின்றது. மூல மொழியின் உருபனியல் அகராதி, இலக்கு மொழியின் உருபனியல் அகராதி, இருமொழி அகராதி, தொடர் மாற்று விதிகள் என மொழித்தரவு முழுவதும் நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிக் கோப்புகளில் உள்ளது. நிரல் எழுதத் தெரியாத மொழியியலாரும் ஒரு பதிவைச் சேர்க்கலாம். ஒரு விதியைத் திருத்தலாம். பிரித்தோன் – பிரெஞ்சு, வேல்ஸ் – ஆங்கிலம், வட சாமி – நார்வீஜியம் என வணிக நிறுவனங்கள் ஏறிட்டும் பாராத மொழியிணைகள் இதனால் இடம்பெற்றன. காத்தலான் அமைப்புக்கென எழுதிய பொறி சாமி மொழிக்கும் பயன்பட்டது என்பதே இங்குப் பொருள். 2015இல் விக்கிப்பீடியா தன் கட்டுரை மொழிபெயர்ப்புக் கருவியைத் தொடங்கியபோது ஸ்பானியத்திலிருந்து காத்தலானுக்கு அபெர்டியத்தையே நாடியது.

மொழிபெயர்ப்பாளர் நிலையிலிருந்து நோக்கினால் மற்றொரு வேறுபாடு புலனாகும். பூட்டிய அமைப்பு ஒன்று ஒரு தொடரைத் தவறாகப் பெயர்த்தால் மொழிபெயர்ப்பாளர் அத்தொடரைத் திருத்துவார். மறுநாள் அதே தவற்றை மீண்டும் திருத்துவார். அல்லது அவர் திருத்தம் அமைப்பை நடத்துவோரின் தரவாகச் சேர்ந்து, அவர்க்கு மீளாத உடைமையாகிவிடும். திறந்த அமைப்பில் அவர் தவற்றின் காரணமான அகராதிப் பதிவையே திருத்தலாம். திருத்துபவர் என்ற நிலையிலிருந்து அகராதி ஆசிரியர் என்ற நிலைக்கு அவர் உயர்கிறார். இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பியல் நூல்கள் போதிய அளவு பேசவில்லை.

எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிலிப் கோயனும் ஹியூ ஹோவாங்கும் பிறரும் 2007இல் அறிமுகப்படுத்திய மோசஸ் புள்ளியியல் மொழிபெயர்ப்புப் பொறி வேறு வகையினது. விதிகளைப் பாராது இணைப்பனுவல்களிலிருந்து கற்பது. அதற்கும் ஐரோப்பிய ஒன்றியம் தொடர்ந்து நல்கை அளித்தது. குறிப்பிடத்தக்கது யாதெனில், 2012 முதல் 2015 வரையிலான நல்கை புதிய கண்டுபிடிப்பைவிட அப்பொறியைப் பேணுவதையும் பயன்படுத்துவோரை ஒருங்கிணைப்பதையுமே முதன்மையாக நோக்கியது. 2013இல் ஐரோப்பிய ஆணையத்தின் மொழிபெயர்ப்பாளர்க்கென அமைந்த அமைப்பு இப்பொறியின் மீதே எழுந்தது. ஆணையம் கொடுத்த பொருள் பல்கலைக்கழகம் சென்று, பொதுவில் பழுத்து, ஆணையத்திற்கே மீண்டது. பேணுவதற்கென்று தனியே நல்கை அளிக்கலாம் என்னும் கருத்து இந்திய நல்கைக் குழுக்களில் இன்னும் வேர்கொள்ளவில்லை.

இந்தியப் பணிகள்

இந்தியாவில் இம்மரபு இல்லை என்று கூறுவது பிழை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றி ஐதராபாத்தில் வளர்ந்த அனுசாரகப் பணி தொடக்கத்திலிருந்தே திறந்த உரிமத்தை விரும்பி ஏற்றது. வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல், அம்பா குல்கர்னி முதலியோர் இதில் ஈடுபட்டனர். குழுவினர் ‘அக்ஷர பாரதி’ என்னும் கூட்டுப் பெயரில் எழுதினர். 1995இல் வெளிவந்த பாணினிய நோக்கிலான மொழிச் செயலாக்க நூலிலும் அப்பெயரே முதற்கண் நிற்கிறது. ஆசிரியர் பெயரையே பொதுவாக்கிய ஒரு குழு மூலநிரலைப் பொதுவாக்கியதில் வியப்பில்லை.

அனுசாரகம் தன்னை மொழிபெயர்ப்பு எனக் கூறிக்கொள்ளவில்லை. மூலத்தில் உள்ள செய்தியைக் கூட்டாமலும் குறைக்காமலும் வாசகர்க்கு எட்டச் செய்வதே அதன் நோக்கம். தென்னிந்திய மொழிகளின் பெயரெச்சத்தை அது கையாண்ட முறை இதனை விளக்கும். ‘உண்ட பழம்’, ‘உண்ட சிறுவன்’, ‘உண்ட தட்டு’ ஆகிய மூன்றிலும் பெயரெச்ச வடிவம் ஒன்றே. பெயரின் வேற்றுமை உறவு வடிவத்தில் இல்லை. இந்தியின் ‘ஜோ’ தொடரோ அவ்வுறவை வெளிப்படையாகக் கேட்கிறது. மூலத்தில் இல்லாததை இட்டு நிரப்பாமல், ‘ஜோ’ என்பதனோடு ஓர் உடுக்குறியைச் சேர்த்து, உறவை வாசகரே உய்த்துணரும்படி விட்டுவிட்டனர். இது வழக்கிலில்லாத இந்தியை உருவாக்குகிறது என்னும் மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் இவ்வாறு மறுக்க முடிவதற்கே அம்முடிவு வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதுதான் காரணம். மொழிபெயர்ப்பில் இழப்பு எங்கு நேர்கிறது என்பதனை இத்துணைத் தெளிவாகக் காட்டிய பணிகள் சிலவே.

வடமொழித் துறையில் பயன் இன்னும் வெளிப்படை. பாரிசில் ழெரார் யுவே உருவாக்கிய வடமொழிப் பகுப்பியும் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பா குல்கர்னி உருவாக்கிய காரகப் பகுப்பியும் தனித்தனியே தோன்றியவை. அடிப்படைக் கோட்பாடும் நிரல்மொழியும் வேறு. இரண்டும் திறந்திருந்தமையால் ஒன்றன் சந்திப் பிரிப்பு மற்றதன் தொடர்ப் பகுப்புக்கு ஊட்டாக அமைந்தது. இவ்விணைந்த தளம் பற்றிய கட்டுரை 2012இல் மும்பை மாநாட்டில் அளிக்கப்பெற்றது. தமிழில் ஒரு பல்கலைக்கழகத்தின் பகுப்பி மற்றொரு பல்கலைக்கழகத்தின் பகுப்பிக்கு ஊட்டு அளிக்கும் நிலை அரிது. ஒவ்வொரு திட்டமும் எழுவாயிலிருந்து தொடங்குகிறது. மகர ஈற்றுப் பெயர்களை மீண்டும் ஒரு முறை பட்டியலிடுகிறது.

அண்மைக் காலத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏ.ஐ.4பாரத் குழு இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளது. 2021இல் முதலில் வெளியிடப்பெற்ற சமானந்தர் தொகுப்பு ஆங்கிலத்திற்கும் 11 இந்திய மொழிகளுக்கும் இடையே ஏறத்தாழ 5 கோடி வாக்கிய இணைகளைக் கொண்டது. 2023இல் வெளிவந்த இண்டிக்டிரான்ஸ்2 அட்டவணை மொழிகள் 22க்கும் மொழிபெயர்ப்பு அளிக்கிறது. நிரலும் பயிற்றப்பட்ட மாதிரிகளும் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டுள்ளன. 2022இல் நீலேகணி குடும்பத்தினர் வழங்கிய 36 கோடி ரூபாயும் அரசின் பாஷிணித் திட்டமும் இதற்கு ஆதரவாயின. பாராட்டத்தக்க பணி. ஆயினும் இரண்டு கூற வேண்டும். ஒன்று, இத்தகைய ஆதரவு ஓரிரு பெரிய நிறுவனங்களிலேயே தேங்குகிறது. இருபது ஆண்டுகளாகப் பழங்குடி மொழி ஒன்றின் அகராதியைத் தொகுத்து வைத்திருக்கும் மொழியியல் ஆசிரியரை அது எட்டுவதில்லை. மற்றொன்று, நரம்புவலை மாதிரியின் எண்கள் கண்முன் இருந்தாலும் நூற்பாவைப் போலப் படிக்கத்தக்கவை அல்ல. அங்கு ஆராய்ச்சிக்கு உரியது பயிற்சித் தரவுதான். எனவே இவ்வகை ஆய்வில் நிரலைத் திறப்பதைவிடத் தரவைத் திறப்பதே முதன்மையானது.

மதிப்பெண்ணில் இடமில்லாத பணி

ஓர் ஆசிரியர் விதிக்கோப்பைச் செப்பம் செய்து, குறிப்புரை எழுதி, உரிமம் இட்டு வெளியிடுவதற்குப் பல மாதங்கள் ஆகும். அம்மாதங்களுக்கு அவர் பெறுவது யாது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆய்வு மதிப்பெண் அட்டவணை ஒன்று உள்ளது. மொழித்துறை ஆசிரியர் எழுதும் ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 10 மதிப்பெண். மொழிபெயர்ப்பு நூலுக்கு 8. பன்னாட்டுக் காப்புரிமைக்கு 10, தேசியக் காப்புரிமைக்கு 7. பொதுவில் வைத்த மென்பொருளுக்கோ தரவகத்திற்கோ தனி இனம் இல்லை. பிறர் பயன்படுத்தாதபடி காக்கும் உரிமைக்கு மதிப்பெண் உண்டு. பிறர் பயன்படுத்தும்படி கொடுத்ததற்கு இல்லை. 2025 சனவரியில் குழு வெளியிட்ட வரைவு மதிப்பெண் முறையைக் கைவிட்டு, குறிப்பிடத்தக்க பங்களிப்புகள் என ஒன்பது இனங்களை முன்வைத்தது. புதுத்தொழில் தொடங்குவது அவற்றுள் ஒன்று. திறந்த மூலம் அங்கும் பெயர் பெறவில்லை.

இதன் விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் பகுப்பியை எழுதுகிறார். கட்டுரை வெளிவருகிறது, பட்டம் கிடைக்கிறது, மாணவர் வேறு பணிக்குச் செல்கிறார். துறையின் கணிப்பொறி பழுதாகிறது. தரவு அக்காலத்து எழுத்துருக் குறியீடு ஒன்றில் இருந்ததாயின் கோப்பு எஞ்சியிருந்தாலும் படிக்க இயலாது. தமிழில் இஸ்கி, தஸ்கி, தாம், தாப் எனப் பல குறியீடுகள் வழங்கின. தமிழக அரசு 2010இல்தான் ஒருங்குறியை ஏற்றது. பொதுவில் இருந்த கோப்புகளை யாரேனும் ஒருவர் மாற்றி எழுதினார். பூட்டிய அலமாரியில் இருந்தவற்றை மாற்ற எவரும் இல்லை.

நிருவாகத்தை மட்டும் குறை கூறுவதும் முறையன்று. ஆசிரியரிடமும் தயக்கம் உண்டு. நிரல் செப்பமாக இல்லை, பிழை வெளிப்படும் என்னும் அச்சம் பொதுவானது. ‘முடித்துவிட்டு வெளியிடலாம்’ என்று கூறிக்கொண்டே காலம் கழிகிறது. உ.வே. சாமிநாதையர் ஒரு நூலின் முதற் பதிப்பை வெளியிட்ட பின்னரும் ஏடு தேடுவதை நிறுத்தவில்லை. அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்தினார். பிழை திருத்தத்தைப் பதிப்பின் இயல்பாகக் கொள்ளும் மரபில் வந்தோர் நிரற்பிழைக்கு நாணுவது பொருந்தாது.

மறுப்புகள் சில

பொதுப்பணத்தில் உருவானதை விற்றுப் பல்கலைக்கழகம் வருவாய் ஈட்டலாமே என்பது ஒரு மறுப்பு. அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு பே–டோல் சட்டம் இக்கருத்தினது. அதனை ஒத்த மசோதா 2008இல் இந்திய நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டுச் சட்டமாகாமற் போயிற்று. மருந்துக்கும் பொறிக்கும் இம்முறை பொருந்துமா என்பது வேறு வினா. சிறிய மொழி ஒன்றின் உருபனியல் பகுப்பியை விலைகொடுத்து வாங்குவார் இலர்.

பெருநிறுவனங்கள் ஆசிரியரின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளும் என்னும் மறுப்பு வலுவுடையது. குனு பொது உரிமம் இதற்கு ஒரு பகுதி விடை தருகிறது: திருத்திய வடிவத்தை வழங்குவோர் மூலநிரலையும் வழங்க வேண்டும். ஆனால் நிறுவனம் மென்பொருளை வழங்காமல், தன் கணிப்பொறியில் இயக்கிப் பணியாக மட்டும் அளித்தால் அவ்விதி பற்றாது. இவ்விடைவெளியை அடைக்க 2007இல் அஃபெரோ உரிமத்தின் புதிய பதிப்பு வந்தது. எந்த உரிமம் எதனைக் கட்டுப்படுத்தும் என்பதனை எடுத்துரைக்கும் அலுவலர் ஒருவரேனும் பல்கலைக்கழகந்தோறும் வேண்டும். காப்புரிமைப் பிரிவுகள் இருக்கின்றன. இப்பணி அவற்றுக்கு ஒதுக்கப்படவில்லை.

மூன்றாவது மறுப்பு மொழியியலார்க்கே உரியது. பேச்சுத் தரவு பேசியவருடையது. நியூசிலாந்தின் தெ ஹிக்கு வானொலி அமைப்பினர் 2018இல் மாவோரி மக்களிடம் முந்நூறு மணிநேரத்திற்கு மேற்பட்ட பேச்சைத் திரட்டினர். அதனைத் திறந்த உரிமத்தில் வைக்க மறுத்து, சமூகத்தின் காவலில் இருத்தும் உரிமம் ஒன்றை வகுத்தனர். தம் நிலத்தை இழந்த மக்கள் தம் குரலையும் இழக்க விரும்பாமை நியாயமே. இந்தியப் பழங்குடி மொழிகளைப் பதிவு செய்வோர்க்கு இது நேரடியாகப் பொருந்தும். வழிபாட்டுப் பாடலையும் குடும்பக் கதையையும் ஆசிரியர் தம் விருப்பில் பொதுவாக்கலாகாது. ஒலிப்பதிவைக் காவலில் வைத்து, அதிலிருந்து பெற்ற எழுத்துமுறை விதிகளையும் பகுப்பி நிரலையும் சமூகத்தின் ஒப்புதலோடு திறந்து வைத்தல் இயலும். ஒப்புதலைப் பதிவு செய்யும் முன்னரே பெறுதல் வேண்டும். பதிப்பிக்கும் காலத்தில் பேசியவர் உயிரோடிருப்பார் என்று எவரும் உறுதி கூற இயலாது.

தமிழின் இரு சிறு தொகுப்புகள்

தொடரமைப்புக் குறியிட்ட வாக்கியத் தொகுப்பை மரவங்கி என்பர். உலக மொழிகள் பலவற்றுக்கு ஒரே குறியீட்டு முறையில் மரவங்கிகளைத் தொகுக்கும் ‘யூனிவர்சல் டிபென்டன்சீஸ்’ திட்டத்தில் தமிழுக்கு இடம் கிடைத்தது பிராகு நகர்ச் சார்லசு பல்கலைக்கழகத்தில் லோகநாதன் ராமசாமியும் ஸ்டெனெக் ஸபோகர்ட்ஸ்கியும் உருவாக்கிய 600 வாக்கியங்களால். செய்தித்தாள் உரைநடையே அதன் மூலம். பின்னர் யாழ்ப்பாணத்து ஆய்வாளர் சர்வேஸ்வரனும் ஐதராபாத் சார்ந்த பரமேஸ்வரி கிருஷ்ணமூர்த்தியும் பிறரும் 534 வாக்கியங்கள் கொண்ட மற்றொரு தொகுப்பை அளித்தனர். அவ்வாக்கியங்கள் தாமஸ் லேமனின் 1989ஆம் ஆண்டுத் தற்காலத் தமிழ் இலக்கணத்திலிருந்து எடுக்கப்பட்டவை. சர்வேஸ்வரன், கிஹான் டயஸ், மிரியம் பட் ஆகியோரின் தமிழி உருபனியல் பகுப்பியும் விதிகளோடு பொதுவில் உள்ளது.

இரு தொகுப்புகளும் அளவில் சிறியன, தன்மையில் மாறுபட்டன. முதலாவதில் செய்தி நடைக்குரிய நீண்ட தொடர்கள் மிகுதி. வினாவும் ஏவலும் உரையாடலும் அரிது. இரண்டாவதில் இலக்கண ஆசிரியர் தேர்ந்த குறுந்தொடர்கள். அமைப்பு வகைகள் மிகுதி, இயல்பான பனுவலின் விகிதம் இல்லை. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். ஆனால் முதலாவது வணிகப் பயனைத் தடுக்கும் படைப்பாக்கப் பொது உரிமத்தில் உள்ளது. வழிவரும் ஆக்கமும் அவ்வாறே இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாவதன் உரிமம் வணிகத் தடையற்றது. வழிவரும் ஆக்கத்தில் அத்தகைய தடை சேர்க்கலாகாது என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துச் சோதனைக்குப் பயன்படுத்தலாம். இரண்டையும் கலந்து, குறியீட்டு வேறுபாடுகளைத் திருத்தி, ஒரே தமிழ் மரவங்கியாக வெளியிட உரிமங்கள் இடந்தரா. இரு குழுவினரும் நல்லெண்ணத்தோடு செய்த பணியில் நேர்ந்த இடர் இது. திட்டம் தொடங்கும் நாளில் உரிமத்தைப் பற்றி ஆய்வாளர்க்கு வழிகாட்டியிருந்தால் தவிர்த்திருக்கலாம். உரிமையாளர் இசைந்தால் முதலாவதன் உரிமத்தை மாற்றுதல் இப்போதும் இயலும்.

நூல் மதிப்புரைக்கு ஆய்விதழ்கள் பக்கம் ஒதுக்குகின்றன. விதிக்கோப்புக்கும் மரவங்கிக்கும் அவ்வாறு ஒதுக்கப்படவில்லை. முன்னர்க் காட்டிய 534 வாக்கியங்களில் ‘என்று’ என்னும் சொல்லுக்கு இட்ட குறியும் 600 வாக்கியங்களில் அதற்கு இட்ட குறியும் ஒன்றா, வேறா, வேறாயின் எது தமிழ்த் தொடரியலுக்குப் பொருந்தும் என்று எழுதும் மதிப்புரை ஒரு நூல் மதிப்புரையை விடக் குறைந்ததன்று. எழுதுவோர்க்கும் எழுதப்பட்டோர்க்கும் அது பணிப்பதிவேட்டில் சேர்க்கத்தக்க வெளியீடு. கோப்புகள் இரண்டும் எடுத்துப் பார்க்கும் நிலையிலேயே உள்ளன.